காருக்கும் மூச்சு உண்டு

சனிக்கிழமை மாலை நாலரை மணி இருக்கும். பள்ளித் தோட்டத்தில் வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செம்பனை வரிசைகளுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. லோரியும் அல்ல, டிராக்டரும் அல்ல. பெரிய மிருகம் ஒன்று மூச்சை உள்ளே இழுப்பது போன்ற ஓசை. சற்று நேரத்தில் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பழைய புரோட்டான் சாகா பள்ளி வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் என் பழைய மாணவன். ஆறாம் வகுப்பில் கணக்குக்கு என்னிடம் அதிகம் காது திருகப்பட்டவன். இப்போது வயது இருபத்து நான்கு. பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்று பானெட்டைத் தூக்கினான்.

முன்பு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் காளான் வடிவில், சிவப்புத் துணி மடிப்புகளோடு ஒரு பொருள் பளபளவென்று வீற்றிருந்தது.

"என்னப்பா இது?"

"ஓப்பன் ஃபில்டர் சார். மூந்நூத்தி எம்பது வெள்ளி. மாட்டி நாலு மாசம் ஆச்சு. பிக்கப் வேற மாதிரி சார்!"

முந்நூற்று எண்பது வெள்ளி அவனுக்குச் சிறிய தொகை அல்ல. அவன் தந்தை முப்பது ஆண்டுகள் இதே தோட்டத்தில் வேலை செய்தவர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். விடியற்காலையில் மகன் அவரைக் காரில் ஏற்றி, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஆறு கிலோமீட்டர் கடந்து, காப்பார் வழியாகக் கிள்ளானில் இறக்கிவிட்டு, அங்கிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் பிரிக்பீல்ட்ஸ் சென்று வேலை பார்க்கிறான். அந்தக் கார் ஒரு நாள் படுத்தால் அவன் சம்பளம் மட்டுமல்ல, தந்தையின் சிகிச்சையும் படுத்துவிடும். அதனால்தான் அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனைக் குறை சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், என் ஹோண்டா இ.எக்ஸ். 5 மோட்டார் சைக்கிளின் காற்றுப் பெட்டி வாய்க்குழாயைப் பிடுங்கி எறிந்தவன் நான். சத்தம் கூடியது, வேகம் கூடியதாகவே நம்பினேன். விடுதிக் கண்காணிப்பாளரிடம் வாங்கிய திட்டுதான் கண்ட பலன்.

வாசகர்களே, நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்று கார் வைத்திருக்கிறார்கள். தொலைபேசியைத் திறந்தால் இந்தக் காளான் வியாபாரம்தான். ஆகவே இதைச் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம் உண்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு வேண்டிய காற்று ஏறத்தாழ 11 கிலோ. அதை லிட்டராகக் கணக்கிட்டால் சுமார் 9,000 லிட்டர்! பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஒரு லயத்து அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது சுமார் 28,000 லிட்டர் காற்று. மூன்று லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் அந்த அறைக் காற்று முழுவதும் இன்ஜினுக்குள் போய்விடும்.

இன்னொரு கணக்கு. 1.3 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று வையுங்கள். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் சிலிண்டர்கள் எல்லாம் மூச்சை இழுத்து முடிக்கும். மிதியை முழுக்க அழுத்தினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,900 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் போதும். அதாவது, அந்தச் சின்னக் கார் இருநூற்று ஐம்பது பேரின் மூச்சை ஒரு குழாய் வழியாக இழுக்கிறது. எங்கள் பள்ளியில் அத்தனை பிள்ளைகள் இல்லை.

அப்படியானால் வாயை அகலமாகத் திறந்துவிட்டால் சக்தி கூடாதா? கூடும். பந்தயக் கார்களில் இதற்குச் சாட்சி உண்டு. 2005-இல் நம் சிப்பாங் ஓட்டப் பாதையில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், கோயம்புத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரை ஓட்டிப் பதினோராவதாக வந்தார். அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பெரிய வாய் இருந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது காற்றை அள்ளும் வாய். மூன்று லிட்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 18,000 சுழற்சி என்றால், நிமிடத்துக்கு 27,000 லிட்டர் காற்று. நம் லயத்து அறை ஒரே நிமிடத்தில் காலி!

காற்றைக் குறைத்தால் சக்தி குறையும் என்பதைப் பந்தய விதி எழுதுகிறவர்களும் அறிவார்கள். 2002-இல் நம் நாட்டின் கரம்ஜிட் சிங் புரோட்டான் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றாரே, அப்படிப்பட்ட டர்போ கார்கள் காற்று போகும் வழியில் ஒரு குறுகிய வளையத்தைக் கட்டாயம் மாட்டவேண்டும். 1995-இல் உலக ரேலியின் உயர் பிரிவுக்கு அந்த வளையத்தின் விட்டம் 34 மில்லிமீட்டர். அவ்வளவுதான். அந்த ஆண்டு ஸ்பெயினின் கட்டலோனியா ரேலியில் டொயோட்டா குழு அந்த வளையத்தில் ஒரு தந்திரம் செய்திருந்தது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்; மாட்டி இறுக்கினால் பக்கவாட்டில் காற்று புக வழி உண்டாகும். கண்டுபிடித்த சங்கம் அந்தக் குழுவின் புள்ளிகளைப் பறித்து ஓராண்டு தடை விதித்தது. கொஞ்சம் கூடுதல் காற்றுக்காக உலகப் புகழ் பெற்ற குழு இவ்வளவு துணிந்தது என்றால், காற்றின் மதிப்பு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் என் மாணவன் முகம் மலர்ந்தது. "அப்ப நான் செஞ்சது சரிதானே சார்?"

"பொறு தம்பி. நீ எத்தனை தடவை மிதியைத் தரையோடு அழுத்துவாய்?"

யோசித்தான். "அப்பா உள்ள இருந்தா அழுத்த மாட்டேன் சார். தனியா போறப்ப சுங்கச்சாவடி தாண்டி எப்பவாச்சும்."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெட்ரோல் காரில், காற்று வடிகட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே ஒரு தட்டு உண்டு. நாம் மிதியை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும். சாதாரணமாக ஓட்டும்போது அந்தத் தட்டு பெரும்பாலும் பாதிக்குமேல் மூடியே இருக்கிறது. லயத்துப் பொதுக்குழாயைக் கால்வாசி திறந்துவிட்டு, தண்ணீர் போதவில்லை என்று தெருக் குழாயைப் பெரிதாக மாற்றினால் வாளி சீக்கிரம் நிறையுமா? பந்தயக்காரர் குழாயை முழுக்கத் திறந்துவைத்தே ஓட்டுகிறார். அவருக்குப் பெரிய குழாய் பயன்படும். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை நெரிசலில் ஊர்ந்துபோகிறவருக்கு எதற்கு? தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காரில் ஃபில்டரை மட்டும் மாற்றினால், முழு மிதியில், உயர்ந்த சுழற்சியில் சில விழுக்காடு கூடலாம். சில நேரம் அதுவும் இராது.

காற்று வழியை உண்மையாகவே திருத்திச் சக்தியைக் கூட்டிய கதை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. என் மாணவன் தினமும் கடந்துபோகும் ஷா ஆலமில்தான் புரோட்டான் தொழிற்சாலை எழுந்தது. 1985 ஜூலை 9-இல் முதல் சாகா அறிமுகமானது. 2004-இல் அந்நிறுவனம் தன் சொந்த இன்ஜினான 'கேம்ப்ரோ'வை ஜென்-2 காரில் கொண்டுவந்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். காகிதத்தில் நன்றாக இருந்தது. ஆனால் நடுத்தரச் சுழற்சியில் இழுவை சற்றுத் தொய்வதாக ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? ஃபில்டரைத் தூக்கி எறியவில்லை. வால்வு திறக்கும் முறையை மாற்றினார்கள். அதோடு, காற்று உள்ளே போகும் குழாயின் நீளத்தையே ஓட்டத்துக்கு ஏற்ப மாறும்படி அமைத்தார்கள். மெதுவாகச் சுழலும்போது நீளக் குழாய், வேகமாகச் சுழலும்போது குட்டைக் குழாய். 2008 வாக்கில் வந்த அந்த இன்ஜின் 125 குதிரைத்திறன் தந்தது.

குழாயின் நீளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். பிள்ளை திரும்பி வரும் சரியான கணத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். நேரம் தவறினால் நம் கைதான் வலிக்கும். வால்வு மூடியதும் ஓடிவந்த காற்று முட்டித் திரும்பி, குழாய்க்குள் அலையாக முன்னும் பின்னும் போகிறது. அந்த அலை திரும்பி வரும் கணத்தில் வால்வு திறந்திருந்தால், காற்று தானே தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும். அந்த நேரத்தைப் பொருத்துவதுதான் குழாய் நீளத்தின் வேலை. இதற்குக் கணக்குப் போட்டவர்கள் போட்ட பெட்டியையும் குழாயையும் நாம் ஒரு ஸ்குருடிரைவரால் பத்து நிமிடத்தில் கழற்றி எறிகிறோம்.

சரி, அந்தக் கறுப்புப் பெட்டி என்னதான் செய்கிறது?

முதலில், அது குளிர்ந்த காற்றைக் கொண்டுவருகிறது. பெரும்பாலான கார்களில் பெட்டியின் மூக்கு முன்பக்கம், வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும். காளான் ஃபில்டரோ பானெட்டுக்குள், சூடான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சூட்டையே இழுக்கிறது. காற்று சூடானால் விரியும். அதே அளவுக்குள் எடை குறையும். 30 பாகையில் இருந்த காற்று 60 பாகையானால் எடையில் சுமார் 9 விழுக்காடு போய்விடும். இன்ஜினுக்கு வேண்டியது காற்றின் எடைதான். என் மைத்துனனிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. காரில் செருகினால் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைத் தொலைபேசியில் காட்டும். அதை வாங்கி மாட்டிக்கொண்டு நானும் மாணவனும் ஒரு நாள் கிள்ளான் வரை போனோம். தோட்டச் சாலையில் காற்றடிக்க ஓடும்போது எண் இறங்கியே இருந்தது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், தெங்கு கிளானா சாலையில் நெரிசலில் நின்றபோது 60-ஐத் தாண்டியது. "சார், காசு கொடுத்து சூட்டை வாங்கியிருக்கேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, பெட்டி சத்தத்தை அடக்குகிறது. அது போனதும் இன்ஜின் உறுமுகிறது. உறுமினால் நம் கால் தானாகவே அழுத்துகிறது. அழுத்தினால் கார் ஓடத்தானே செய்யும்! 'பிக்கப்' என்று நாம் சொல்வதில் பாதி காதால் வந்தது.

மூன்றாவது புழுதி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அன்று சனிக்கிழமை, அந்தக் காளானைக் கழற்றச் சொன்னேன். இறுக்கும் வளையம் தளர்ந்திருந்தது. வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, ஃபில்டருக்கு அப்பால், இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை ஒரு தடவை துடைத்தேன். கைக்குட்டை சிவந்து வந்தது. நம் தோட்டத்துச் செம்மண்.

அவன் முகம் மாறிவிட்டது. "ஒரு தடவை சோப்புத் தண்ணியில கழுவினேன் சார்" என்றான். கழுவியது சரி, எண்ணெய் தடவவில்லை. அந்த வகைத் துணி ஃபில்டர் எண்ணெய்ப் பசையால்தான் தூசியைப் பிடிக்கிறது. காய்ந்த துணி பிடிக்காது. அதிகமாகத் தடவினாலும் வம்பு. சில கார்களில் காற்றை அளக்கும் மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

செம்மண் தூளில் குவார்ட்ஸ் என்னும் கடினமான மணல் துகள் கலந்திருக்கிறது. தலைமுடித் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் எண்ணெய்ப் படலத்தில் புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். இது ஒரு நாளில் தெரியாது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து இன்ஜின் எண்ணெய் குறையும், பின்னால் நீலப் புகை வரும், இழுவை போகும். அப்போது மெக்கானிக் சொல்லும் தொகை முந்நூற்று எண்பது வெள்ளியாக இருக்காது. தார்ச்சாலையிலேயே ஓடுகிறவர்கள் இந்த ஆபத்தை ஓரளவு தாங்கலாம். தோட்டத்துக் காருக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தச் சூட்டுக்கு மாற்று என்று இன்னொரு வகையும் விற்கிறார்கள்: நீண்ட குழாய் வைத்து, ஃபில்டரைக் கீழே, பம்பருக்குப் பின்னால் சக்கரத்தருகே இறக்கிவிடுவது. குளிர்ந்த காற்று கிடைப்பது உண்மைதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மேல்மாடி வரை மக்கள் ஏறி நின்றார்கள், கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட பெருவெள்ளத்தில் எந்தக் காரும் தப்பாது என்பது வேறு. ஆனால் சாதாரண மழையில் சாலையில் முழங்கால் அளவு தேங்கும் நீரிலேயே, கீழே தொங்கும் ஃபில்டர் நீரை உறிஞ்சிவிடும்.

காற்றைப் பிஸ்டன் அமுக்கலாம். நீரை அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் நீரில் முட்டியதும், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைகிறது, சில சமயம் முறிந்து இன்ஜின் சுவரையே துளைக்கிறது. என் சித்தப்பா மகன் ஒருவன் கிள்ளானில் இப்படித்தான் ஒரு காரை இழந்தான். நீரில் நின்றுபோன காரை, பதற்றத்தில் மூன்று நான்கு முறை சாவி போட்டுத் திருகினான். அந்தத் திருகலில்தான் ராட் வளைந்தது என்றார் மெக்கானிக். நீரில் கார் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக் கரையேற்றி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். நம் நாட்டில் சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று கூடுதல் கட்டணம் கட்டினால்தான் சேரும். அடுத்த முறை காப்புறுதி புதுப்பிக்கும்போது கேளுங்கள். மாற்றம் செய்த காரென்றால் அதையும் நிறுவனத்திடம் சொல்லிவிடுவது நல்லது. பிறகு இழப்பீடு கேட்கும்போது வம்பு வராது. கார் அமைப்பில் மாற்றம் செய்ய ஜே.பி.ஜே.வின் விதிகளும் 1959 முதலே உண்டு. கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க" என்பார். சம்மன் மட்டும் உங்கள் பெயருக்கு வரும்.

"அப்ப ஃபில்டருக்கு என்னதான் செய்யறது சார்?"

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொன்னேன். இக்காலத்துக் கணினிக் கட்டுப்பாட்டு இன்ஜினில் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் பெட்ரோல் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை; ஆனால் முழு மிதியில் வேகம் பிடிப்பது 6 முதல் 11 விழுக்காடு வரை மந்தமானது. கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில்தான் பெட்ரோலும் வீணாகும். ஆகவே இழந்த 'பிக்கப்' வேண்டுமானால், முதலில் போடவேண்டியது ஒரு புதிய காகித ஃபில்டர். சாகாவுக்கு முப்பது வெள்ளிக்குள் கிடைக்கிறது. நம் சாலைக்கு, கையேட்டில் சொன்ன காலத்தில் பாதியிலேயே மாற்றலாம். அதற்காக வாரந்தோறும் கழற்றித் தட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்; ஓரளவு தூசி படிந்த காகிதம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். காற்றடிக்கும் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிறவர்கள் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடுகிறார்கள். மூடியின் கிளிப்புகள் நான்கும் சரியாக விழுந்திருக்கின்றனவா, ரப்பர் விளிம்பு மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டயர் காற்று, பிளக். இவ்வளவையும் செய்துவிட்டும் பணம் மீதமிருந்தால் தந்தைக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொடு என்றேன். டயாலிசிஸ் நிலையத்துக்கு அவர் அறுந்த சிலிப்பரோடு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய பழைய பெட்டி எங்கே என்று கேட்டேன். பட்டறையிலேயே விட்டுவிட்டானாம், அவர்களிடமும் இப்போது இல்லை. அடுத்த வாரம் கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து நாற்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கினான். ஒரு கிளிப் உடைந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டப் போனவனைத் தடுத்து, வேறொரு பெட்டியிலிருந்து கிளிப் எடுத்துவரச் செய்தேன். ஞாயிறு காலை பள்ளி வாசலிலேயே குழாயின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, புதிய காகித ஃபில்டர் போட்டு மாட்டினோம். காளானை என்ன செய்தான் என்று கேட்கவில்லை; விற்றிருந்தால், தார்ச்சாலையில் ஓடும் யாராவது வாங்கியிருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் தந்தையைக் கடைப்பக்கம் சந்தித்தேன். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"எப்பவும் போலதான் ஓடுது வாத்தியாரே" என்றார். "இப்பதான் மின்னல் எஃப்.எம்.ல நியூஸ் சொல்றது காதுல விழுது."